பயம் வாசலில் நிற்கும்போது என்ன விலை சொல்வாய்?

தம்பி, ஒரு கேள்வி. நேற்று வரை நூறு ரூபாய்க்கு விற்ற சரக்கு. இன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இருநூறு பேர். அத்தனை முகங்களிலும் பயம். இரண்டு மடங்கு சொன்னாலும் கொடுப்பார்கள். மூன்று மடங்கு சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார்கள். உன் கை எங்கே போகும்? விலைச் சீட்டுக்கா?

அவசரப்பட்டு "போகாது" என்று சொல்லாதே. மேடையில் நின்று சொல்வது சுலபம். வாடகை பாக்கி, வங்கித் தவணை, ஆறு மாதமாகத் தூங்கிய வியாபாரம், பெண்ணுக்குக் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம், இத்தனையும் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு காலையில் அந்தக் கூட்டம் வர வேண்டும். அப்போது தெரியும், உன் முதுகெலும்பு எதனால் ஆனது என்று.

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையான வடிவத்தில் சந்தித்தவர்கள் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்காரர்கள். ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்பச் சந்தித்தவர்கள். அந்தச் சரக்கு எனக்குப் பிடிக்காது. உனக்கும் பிடிக்காமல் இருக்கலாம். ஆனாலும் பயத்தையும் விலையையும் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு கடை கிடையாது. வா, உள்ளே போவோம்.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊர். சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். நாடு அழுதது. அழுகை அடங்கும் முன்பே துப்பாக்கிக் கடை வாசல்களில் வரிசை நின்றது. அரசாங்கம் இனி ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்துவிடும், கைக்கு வந்ததை வாங்கி வைத்துக்கொள் என்ற பேச்சு. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குகிறவரை எஃப்.பி.ஐ.யின் ஏற்பாட்டில் பின்னணிச் சோதனை செய்கிறார்கள். அந்த ஒரே மாதத்தில் நடந்த சோதனைகள் 27 லட்சத்துக்கும் மேல். ஒரு சோதனை என்றால் ஒரு துப்பாக்கி என்று பொருள் அல்ல. ஆனால் கூட்டம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

துப்பாக்கியை விடு. அதில் செருகும் மேகசின் இருக்கிறதே, முப்பது தோட்டா அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி, அது சுமார் 15 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. சில நாட்களில் 50 டாலரைத் தாண்டியது. பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக். சுருள்கம்பி அதே சுருள்கம்பி. பல கடைகளில் போன மாதமே பழைய கொள்முதல் விலைக்கு வாங்கி அடுக்கிய அதே பெட்டி. இடையில் நடந்தது ஒன்றுதான்: இருபது குழந்தைகள் செத்துப்போனார்கள், வாங்குகிறவன் பயந்துபோனான்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம்மூரில் சொல்வோம். அது இதுதான்.

இந்த இடத்தில் நம் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. இங்கே பொட்டலத்தில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அப்படி இல்லை. உற்பத்தியாளர் சொல்வது வெறும் பரிந்துரை விலை. கடைக்காரர் அதற்குக் கீழேயும் விற்கலாம், மேலேயும் விற்கலாம். பேரிடர்க் காலக் கொள்ளை விலைக்கு எதிராகப் பல மாநிலங்களில் சட்டம் உண்டு. கலிபோர்னியாவில் நெருக்கடி நிலை அறிவித்துவிட்டால், சட்டத்தில் சொன்ன பொருட்களுக்குப் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது. டெக்சாஸ் சட்டம் எரிபொருள், உணவு, மருந்து, தங்குமிடம், கட்டுமானப் பொருள் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் 'வேறு அத்தியாவசியப் பொருள்' என்று ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. ஆனால் 'தடை வரப்போகிறது' என்ற வதந்தி எந்தச் சட்டத்தின் கணக்கிலும் பேரிடர் இல்லை. ஆக, 2012 டிசம்பரில் அந்தக் கடைக்காரரைத் தடுக்க போலீஸ் இல்லை, கலெக்டர் இல்லை. கல்லாவுக்கும் அவருக்கும் நடுவில் அவரே நின்றார்.

சட்டம் உன்னைத் தடுக்காத இடத்தில்தான் நீ யார் என்று தெரியும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. பொருளாதாரம் படித்தவர் வந்து உன் மேசையில் கை ஊன்றிச் சொல்வார்: "கையில் இருப்பது அறுபது. கேட்பவர் இருநூறு பேர். யாருக்காவது இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்? பழைய விலையில் விற்றால் முதலில் வந்த பத்துப் பேர் ஆளுக்கு ஆறு அள்ளிக்கொண்டு போவார்கள். விலையை ஏற்று, தேவை குறைந்தவர் விலகுவார், உண்மையில் தேவைப்படுபவருக்குச் சரக்கு நிற்கும். அதிக விலையைப் பார்த்து உற்பத்தியாளரும் கூடுதலாகச் செய்து அனுப்புவார்." இதில் உண்மை இருக்கிறது. நான் மறுக்க மாட்டேன்.

இன்னும் கேள். 2013-லும் அதற்கு அடுத்த ஆண்டிலும் .22 தோட்டாவுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. முயல் சுடவும் குறி பழகவும் சிறுவர்கள்கூடப் பயன்படுத்துகிற, மலிவிலும் மலிவான தோட்டா அது. பெரிய அங்காடிகள் பழைய விலையிலேயே விற்றன. என்ன நடந்தது? சரக்கு லாரி வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, விடியும் முன்பே வந்து நின்று, கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய் இணையத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்கு விற்கும் ஒரு கூட்டம் முளைத்தது. ஆளுக்கு மூன்று பெட்டிதான் என்று வால்மார்ட் கட்டுப்பாடு போட்டது. அப்படியும் சனிக்கிழமை மாலை மகனைக் குறி பழக அழைத்துப்போக நினைத்த அப்பாவுக்குத் தோட்டா கிடைக்கவில்லை. நல்ல கடைக்காரரின் நல்ல விலை, இடைத்தரகனின் பைக்குள் போய் விழுந்தது. இதைப் பார்த்த பிறகும் 'விலை ஏற்றாதே' என்று வெறும் வாயால் உபதேசம் செய்பவன் கடை நடத்தாதவன்.

அப்படியானால் ஏற்றிவிடலாமா? பொறு. இதே கேள்வியை 1980-களில் மூன்று அறிஞர்கள் கனடாவின் டொரன்டோவிலும் வான்கூவரிலும் சாதாரண மக்களிடம் கேட்டார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர். இவர்களில் இருவர் பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார்கள். கேள்வி எளிமையானது: ஒரு இரும்புக் கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்குகிறார். இது நியாயமா? நூற்றுக்கு 82 பேர் அநியாயம் என்றார்கள். மூன்று மடங்கு வேண்டாம், வெறும் ஐந்து டாலர் கூட்டியதற்கே இந்தத் தீர்ப்பு! ஆனால் அதே ஆய்வில், கொள்முதல் விலை ஏறியதால் கடைக்காரர் விலையை ஏற்றினால் மக்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். கவனி. ஐந்து டாலர் ஐந்து டாலர்தான். எதற்காக ஏற்றினாய் என்பதை வாடிக்கையாளன் பார்க்கிறான். உன் செலவு ஏறியதாலா, என் கழுத்து உன் கையில் சிக்கியதாலா? இந்த வித்தியாசம் பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் தெரியாமல் போகலாம். பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பவனுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

சாண்டி ஹூக்குக்குப் பிறகு ஒரு பெரிய இணையக் கடை மேகசின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். இனி இந்தக் கடையில் ஒரு திருகாணிகூட வாங்க மாட்டோம் என்று சபதம் போட்டவர்கள் ஏராளம். ஆண்டுகள் போயும் அந்தக் கோபம் ஆறவில்லை. கல்லா அன்று நிரம்பியிருக்கும். பெயர்?

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று உன் முதுகில் தட்டிக்கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதும் எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறோம்: வாய்ப்பை விடாதே, பற்று, பிடுங்கு, முந்து! நான் உனக்கு வேறு ஒன்று சொல்கிறேன். விலைச் சீட்டை மாற்ற நடுங்கிக்கொண்டு போகும் கையும் பயந்த கைதான். "நாளைக்கு இந்தக் கூட்டம் வராது, இன்று வாரிக்கொள்ளாவிட்டால் நான் பிழைக்க மாட்டேன்" என்று உள்ளே ஒரு குரல் அலறுகிறதே, அது தைரியத்தின் குரலா? கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பயம், இந்தப் பக்கம் ஒரு பயம். இரண்டு பயங்கள் சேர்ந்து தீர்மானித்த விலையை 'சந்தை விலை' என்று நீ கௌரவப் பெயர் சூட்டுகிறாய்!

பயத்தின் மீது கடை கட்டியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று வரலாற்றைப் புரட்டு. 1994-ல் அமெரிக்கா சில வகைத் தாக்குதல் துப்பாக்கிகளைச் சில காலத்துக்கு உண்மையாகவே தடை செய்தது. செப்டம்பர் 13-ல் அமலுக்கு வந்த அந்தத் தடைக்கு முன்பு அவற்றின் விலை ஏறக்குறைய ஐம்பது சதவீதம் எகிறியது. ஆய்வாளர்கள் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தடைக்கு முன் ஆலைகள் செய்து தள்ளிய சரக்கு சந்தையில் நிறைந்து, விலை மறுபடி பழைய நிலைக்கே இறங்கியிருந்தது. உச்சத்தில் வாங்கிப் பதுக்கியவன் கையில் மிஞ்சியது துப்பாக்கியும் ஏமாற்றமும்தான். 2008 நவம்பரில் ஒபாமா அதிபர் தேர்தலில் வென்றதும், மறுபடி தடை வரும் என்ற பயத்தில் ஓர் அலை. 2012-13-ல் இன்னோர் அலை. 2016-ல் டிரம்ப் வென்றார். தடை வரும் என்ற பயம் ஒரே இரவில் போயிற்று. கூடவே வாடிக்கையாளரும் போய்விட்டார். 1816-ல் தொடங்கிய ரெமிங்டன் நிறுவனம் கடன் சுமையும் சரிந்த விற்பனையும் சேர்ந்து அழுத்த, 2018 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. கோல்ட் நிறுவனம், சந்தையில் சரக்கு வழிகிறது என்று சொல்லி, பொதுமக்களுக்கான ஏ.ஆர்.-15 உற்பத்தியை 2019-ல் நிறுத்தியது.

அதைவிட வேடிக்கை கேள். 2020-ல் கொரோனா, ஊரடங்கு, தெருப் போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒன்றாக வந்தன. அமெரிக்க வரலாறு காணாத துப்பாக்கி அலை எழுந்தது. மார்ச்சில் மட்டும் 37 லட்சம் சோதனைகள். ஆண்டு முழுவதும் சேர்த்து 3 கோடியே 96 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் இரண்டாவது முறையாகத் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஊரே துப்பாக்கிக்கு அலைகிறது, இருநூறு ஆண்டு கண்ட துப்பாக்கிக் கம்பெனி மூழ்குகிறது! ஸ்மித் அண்ட் வெஸன் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கதையும் பார். 2021 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டில் அதன் விற்பனை சரித்திரத்தில் முதல் முறையாக 100 கோடி டாலரைத் தாண்டியது. 2023 ஏப்ரலில் முடிந்த ஆண்டில்? சுமார் 48 கோடி. பாதிகூட இல்லை. பயம் ஒரு வாடிக்கையாளனைக் கொண்டுவரும். ஆனால் அவனைத் திரும்பக் கொண்டுவராது. அதை நம்பி ஆள் எடுத்தாயா, கிடங்கு கட்டினாயா, கடன் வாங்கினாயா? மடியில் கனம் ஏற்றிக்கொண்டாய், அவ்வளவுதான்.

2020 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டில்தான் இந்தத் தொழிலின் இரட்டை நாக்கு வெளியே தெரிந்தது. ஊரடங்கில் எந்தக் கடை திறக்கலாம், எது மூட வேண்டும் என்ற சண்டை வந்தபோது துப்பாக்கித் தொழில் உரக்கச் சொன்னது: நாங்கள் அத்தியாவசியம். மார்ச் கடைசியில் மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டிப் பட்டியலிலும் துப்பாக்கிக் கடைகள் அத்தியாவசியத் தொழில்களோடு இடம்பிடித்தன. சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் 2019-ல் 20 சென்ட்டுக்கும் குறைவாகக் கிடைத்த 9 மி.மீ. தோட்டாவின் விலை அதே 2020-ல் மளமளவென்று ஏறி, 2021 தொடக்கத்தில் 70, 80 சென்ட் கேட்கும் நிலைக்குப் போனது. இது என்ன என்று கேட்டால், "சார், இது சந்தை; வேண்டுமானால் வாங்குங்கள், இல்லையென்றால் விடுங்கள்." கடையைத் திறக்க 'அத்தியாவசியம்', விலை சொல்ல 'விருப்பப் பொருளா'? ஒரு வாயில் ஒரு நாக்குத்தான் இருக்க வேண்டும், தம்பி. மருந்துக் கடைக்குரிய மரியாதையைக் கேட்டு வாங்குகிறவன், மருந்துக் கடைக்குரிய கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சுமக்கத்தான் வேண்டும்.

எல்லாரும் கொள்ளையடித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆலைகள் இரவு பகலாக ஓடின. ஃபெடரல், ரெமிங்டன் தோட்டாக்களைத் தயாரிக்கும் குழுமத்தின் தலைவர், தங்களிடம் 100 கோடி டாலருக்கும் மேல் ஆர்டர் நிலுவையில் நிற்கிறது, யாரும் பதுக்கவில்லை என்று காணொளியிலேயே தோன்றி விளக்கினார். மொத்த வியாபாரி விலை ஏற்றியதால் வேறு வழியில்லாமல் ஏற்றிய சில்லறைக் கடைக்காரர்கள் ஏராளம். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. மறு கொள்முதல் 40 சென்ட் ஆகும்போது 25 சென்ட்டுக்கு விற்றால் அடுத்த மாதம் கடை இருக்காது. கடை இல்லாதவனின் தர்மத்தால் யாருக்கும் பயனில்லை. என் குறை வேறு இடத்தில். பழைய விலைக்கு வாங்கிய சரக்கை உள்ளறையில் தள்ளிவிட்டு, "ஸ்டாக் இல்லை" என்று சொல்லி, வாரம் கழித்துப் புது விலையில் எடுத்து வைத்தானே, அவனிடம்.

இன்னொரு சப்பைக்கட்டும் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பத்து, பதினொன்று சதவீதக் கலால் வரி. அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. விலை ஏறினால் காடு வாழும் என்று பேசுவார்கள். ஆனால் வரி கணக்கிடப்படுவது உற்பத்தியாளர் விற்கும் விலையின் மேல். சில்லறைக் கடைக்காரர் சொந்தமாக ஏற்றிய கூடுதலில் மானுக்கும் வாத்துக்கும் ஒரு சென்ட் கிடையாது. போகட்டும்.

இப்போது மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். துப்பாக்கி அரிசி அல்ல. அரிசி விலையை ஏற்றினால் ஏழை பட்டினி கிடப்பான். துப்பாக்கி விலையை ஏற்றினால் ஒரு வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி குறையும், நல்லதுதானே? அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். ஆகவே விலை ஏற்றுகிறவன் தெரியாமலே புண்ணியம் செய்கிறானா?

இல்லை என்பேன். விலை என்ற சல்லடை சலிப்பது ஆபத்தானவனை அல்ல, ஏழையை. 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அடித்துத் துரத்திய முன்னாள் கணவன் மறுபடி வாசலுக்கு வருவானோ என்று நடுங்கும் ஒரு பணிப்பெண்ணை அந்த விலை திருப்பி அனுப்பும். பத்துத் துப்பாக்கி ஏற்கெனவே வைத்திருப்பவன் பதினொன்றாவதைக் கடன் அட்டையில் தேய்த்து வாங்கிக்கொண்டு போவான். இதில் எங்கே இருக்கிறது பொதுநலம்? உயிர் காக்கும் எண்ணம் உனக்கு நிஜமாகவே இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. அந்த வழியில் போன ஒரு கடைக்காரரை உனக்குக் காட்டுகிறேன்.

நியூ ஹாம்ப்ஷயர், வடகிழக்கு மூலையில் ஒரு சிறு மாநிலம். 2009-ல் ஒரு வாரத்துக்குள், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர், ஒரே கடையில் தனித்தனியாகத் துப்பாக்கி வாங்கினார்கள். மூவரும் வாங்கிய சில மணி நேரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பின்னணிச் சோதனை மூவருக்கும் சரியாக இருந்தது. ரசீது சரி. விலை சரி. சட்டத்தின் கண்ணில் அந்தக் கடைக்காரர்மேல் ஒரு தூசியும் இல்லை. "என் வேலை விற்பது, பிறகு நடப்பது என் பொறுப்பில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்டிருக்காது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மனநலத் துறையினரோடும் மக்கள் நலவாழ்வு ஆய்வாளர்களோடும் சக கடைக்காரர்களோடும் மேசையில் உட்கார்ந்தார். துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் என்று தொழிலில் பலர் முகம் சுளிக்கும் ஆட்களோடு! மனமுடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பேசுவது, எப்போது விற்க மறுப்பது என்று குறிப்புகள் தயாரித்தார்கள். மாநிலம் முழுதும் உள்ள கடைகளுக்குச் சுவரொட்டியும் உதவி எண்ணும் அனுப்பினார்கள். பிறகு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் கடைகளில் அவை தொங்கின. வேறு பல மாநிலங்களும் அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டன.

இதுதான் முதுகெலும்பு! அமெரிக்கத் துப்பாக்கி வியாபாரிக்கு, ஆளைப் பார்த்து மனசு ஒப்பவில்லை என்றால் விற்க மறுக்கும் உரிமை உண்டு. நீட்டிய பணத்தைத் தள்ளி, "இன்று உங்களுக்கு விற்க மாட்டேன், வாங்க, உட்கார்ந்து ஒரு காபி குடிச்சுக்கிட்டே பேசலாம்" என்று சொல்ல எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்! விலையை மூன்று மடங்கு ஆக்க ஒரு பேனா போதும். எவனும் செய்வான். ஒரு விற்பனையை வேண்டாமென்று தள்ளுகிறவனே தன் கடைக்கு முதலாளி. மற்றவன் கூட்டத்துக்குக் கூலி வேலை பார்க்கிறான்.

சரி, அறுபது மேகசின், இருநூறு பேர். என்ன செய்வது? நான் அந்த நாற்காலியில் இருந்தால் ஆளுக்கு ஒன்று என்பேன். பழைய கொள்முதலுக்குப் பழைய விலை. புதுச் சரக்கு ஏறி வந்தால், ஏறிய அளவு மட்டும் ஏற்றி, கேட்பவனுக்குக் கொள்முதல் ரசீதையே எடுத்துக் காட்டுவேன். மற்றவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, வந்ததும் இதே கணக்கில் தருவேன் என்று வாக்குக் கொடுப்பேன். வாடிக்கையாக வருகிறவர், முதல் முறை வருகிறவர் இருவருக்கும் ஒரே விலை. லாரி நேரம் பார்த்துத் தினமும் வந்து நிற்கும் இடைத்தரகனின் முகம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அவனுக்கு 'இல்லை' என்பதில் கூச்சப்பட மாட்டேன். அந்தப் பொருளாதாரக்காரர் பயந்த பதுக்கலுக்கு இதில் பாதி மருந்து இருக்கிறது. மீதிப் பாதி? ஏமாற்றுகிறவன் எப்படியும் கொஞ்சம் ஏமாற்றுவான். அவன் ஏமாற்றுவான் என்பதற்காக நான் முந்திக்கொண்டு ஏமாற்ற வேண்டுமா?

இது கற்பனை லட்சியம் அல்ல. 1992-ல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைப் பிய்த்தெறிந்தபோது, கூரை போன மக்கள் ஒட்டுப்பலகைக்கு அலைந்தார்கள். ஹோம் டிப்போ என்ற பெரிய கடைக் குழுமம் அதை அடக்க விலைக்கே விற்றது. தர்மத்துக்காக மட்டும் செய்ததா என்றால், இல்லை, கணக்கும் இருந்திருக்கும். புயல் வாரம் ஒன்று; அந்த மக்கள் வீடு கட்டப்போகும் ஆண்டுகள் இருபது. 2004-ல் அதே ஃபுளோரிடாவில் சார்லி சூறாவளிக்குப் பிறகு 2 டாலர் பனிக்கட்டிப் பையை 10 டாலருக்கும், 250 டாலர் ஜெனரேட்டரை 2,000 டாலருக்கும் விற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் புகார் மனுக்களில் ஏறியது.

வாங்குகிறவனே, உன்னையும் விட மாட்டேன். கடைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நழுவப் பார்க்காதே. 80 சென்ட் கொடுத்து ஆயிரம் ஆயிரமாக வாங்கிக் கார் கொட்டகையில் அடுக்கினாயே, அந்த விலையை ஏற்றியதில் உன் பங்கு இல்லையா? பிறகு அதே தோட்டா பாதி விலைக்கும் கீழே இறங்கியது. நீ வாங்கியது பாதுகாப்பை அல்ல, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிவிட்டானே என்ற படபடப்பை. தொலைக்காட்சியில் ஒருவன் கத்தினான், நீ ஓடினாய். நாளை அவன் வேறு ஒன்றைச் சொல்லிக் கத்துவான். அப்போதும் ஓடுவாயா? நில். மூச்சு விடு. என் தேவை என்ன என்று ஒரு முறை உன்னையே கேள். அவசரப்படாத வாங்குகிறவன் நிற்கும் தெருவில் எந்தக் கடைக்காரனாலும் கொள்ளை விலை சொல்ல முடியாது.

தம்பி, தங்கச்சி, நீங்கள் துப்பாக்கி விற்கப்போவதில்லை. மளிகை விற்பீர்கள், மருந்து விற்பீர்கள், ஆட்டோ ஓட்டுவீர்கள், தண்ணீர் லாரி வைத்திருப்பீர்கள், அறை வாடகைக்கு விடுவீர்கள். 2020 மார்ச்சில் இங்கே முகக்கவசத்துக்கும் கிருமிநாசினிக்கும் மத்திய அரசு விலை வரம்பு போட வேண்டி வந்தது, மறக்க வேண்டாம். ஏன் வந்தது? நம் கை விலைச் சீட்டுக்குப் போனது, அதனால் வந்தது. அரசாங்கம் வந்து கையைப் பிடிக்கும்வரை காத்திருப்பது உங்களுக்குக் கௌரவமா?

துணிச்சல் கூட்டம் வந்த பிறகு பிறக்காது. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, கல்லாச் சத்தம்தான் காதில் விழும். எனவே இப்போதே, கடையில் ஆள் இல்லாத இந்தச் சாயங்காலத்திலேயே ஒரு தாளை எடு. பரபரப்பு நாளில் ஆளுக்கு எத்தனை தருவாய், கொள்முதல் ஏறாவிட்டால் என்ன விலை, ஏறினால் எவ்வளவு வரை, யாருக்கு விற்க மாட்டாய், எல்லாவற்றையும் எழுது. உன்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கும் படித்துக் காட்டு. நீ தடுமாறும் நாளில் அவன் உனக்கு நினைவூட்டட்டும். கல்லாவுக்குப் பின்னால், உன் கண்ணில் படும் இடத்தில் ஒட்டு. ஒட்டும் முன் கீழே உன் கையெழுத்தைப் போடு.